காற்றுத் திருகு

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கோபம் வந்தால் கத்தாதே, ஒரு நோட்டில் எழுதிவை, ரத்தக் கொதிப்பு தானாக இறங்கும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. இந்த டைரியில் இதுவரை மூன்று பக்கம்தான் ஓடியிருக்கிறது. காரணம், எனக்குக் கோபம் அவ்வளவாக வராது. வந்தாலும் கத்தித் தீர்த்துவிடுவேன்.

இன்று எழுதுவது சந்தோஷத்தில். எங்கள் சிப்பித்துறை மாதா திருவிழாவின் கடைசி நாள், பதினைந்தாம் தேதி சாயங்காலம், மாதா சுரூபம், மரத்தில் செய்த சிலை, படகில் ஏறிக் கடலில் பவனி போகும். கரையிலிருந்து புறப்பட்டு, கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டி, வெள்ளைப்பாறை வரை போய்த் திரும்ப வேண்டும். யாருடைய படகு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நாற்பத்திரண்டு படகுக்கு நாற்பத்திரண்டு சீட்டு. இன்று பூசை முடிந்து ஃபாதர் டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்துப் படித்த பெயர் கஸ்பார். அதாவது நான்.

என் மனைவி பிரகாசி கோயிலிலேயே அழுதுவிட்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக இந்தச் சீட்டுக்காக அவள் நவநாள் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தம்பி தொபியாஸ் பின்வரிசையில் நின்று கைதட்டினான். மூன்று தடவை தட்டினான். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஒரே ஒரு விதி உண்டு. மாதா ஏறிய படகு நடுக்கடலில் நிற்கக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாசர் அண்ணனுடைய படகு நின்றது. கடலில் வைத்தே சுரூபத்தை வேறு படகுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் நின்னுபோன லாசர். ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திருவிழா வந்தால் மனுஷன் மகள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்.

எனக்கு அந்தப் பயம் இல்லை. என் மோட்டாரை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, திங்கள்

கடலுக்குப் போனோம். சாளை கொஞ்சம், பாரை இரண்டு. மோட்டார் பூனை மாதிரி உறுமியது. வழக்கம்போல மோட்டாரையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றித் தூக்கி வந்து வீட்டுக் கொல்லையில் வைத்தேன். மாதா ஏறப்போகும் படகின் மோட்டார் என்று பிரகாசி அதற்கு ஒரு முழம் பூ சுற்றினாள். பக்கத்திலேயே முழங்காலில் நின்று செபமும் சொன்னாள். கையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்த பாட்டில் இருந்தது. நல்ல பக்தி உள்ளவள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

நின்றுவிட்டது.

தூண்டில் வளைவைத் தாண்டியதும் இரண்டு முறை தும்மி நின்றது. டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் பல்பு உண்டு. அதை அமுக்கினால் பெட்ரோல் ஏறும். அமுக்கினேன். கயிற்றை இழுத்தேன். கொஞ்சம் ஓடியது, மறுபடி நின்றது. என்னோடு வரும் சேசையா, "அப்படியா," என்றான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

கடைசியில் எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது யார் என்று எழுதவே கை வரவில்லை. மிக்கேல் ராயன். சீட்டில் இரண்டாவதாக வந்தவன். என் படகு ஆகவில்லை என்றால் மாதா அவன் படகில்தான் ஏறுவாள். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் பிரகாசி முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். அவள் எதைப் பார்த்துக்கொள்வாள், பாவம்.

ஆகஸ்ட் 5, புதன்

குழாய் இணைப்பில் காற்று இழுக்கிறது என்று கண்டுபிடித்தேன். வாஷர் மாற்றினேன். நின்றது.

ஆகஸ்ட் 6, வியாழன்

கொடியேற்றம். திருவிழா ஆரம்பித்துவிட்டது. கொடிமரத்தடியில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் பாதி வாழ்த்து, பாதி விசாரணை.

காலையில் சேசையாவுக்கு ஒரு பாடம் எடுத்தேன். டேங்க் மூடியின் உச்சியில் சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. காற்றுத் திருகு. வீட்டுக்குத் தூக்கிப்போகும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அதை இறுக்க வேண்டும். கடலில் இறங்கியதும் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் டேங்க் மூச்சை அடக்கிக்கொள்ளும், பெட்ரோலை விடாது. ரப்பர் பல்பு சப்பிப்போகும். பத்து நிமிஷத்தில் மோட்டார் செத்துவிடும். "இத மறக்கிறவன் கடலுக்கே வரக் கூடாது. கரையில உக்காந்து வலை பின்னணும்," என்றேன். சேசையா, "அப்படியா," என்றான். நம் டேங்கில் திருகு ஒழுங்காகத் தளர்த்தித்தான் இருந்தது. ஆகவே கோளாறு அதில் இல்லை.

டீக்கடையில் நின்னுபோன லாசர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, மோட்டாரு எப்படி இருக்கு? ஒன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்," என்றார். இந்த நேரத்தில் அவரோடு உட்கார்ந்து டீ குடிப்பதை ஊர் பார்த்தால் என்ன ஆகும்? அவசர வேலை இருக்கிறது அண்ணே என்று பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். தண்ணீர்.

பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி, டேங்கின் அடிப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் தனியாக நின்றது. கிளம்பும்போது குழாயில் மீதமிருக்கும் பெட்ரோலில் ஓடுகிறது. டேங்கின் அடியிலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கு வேண்டியதில்லை, மூளை போதும்.

வடிகட்டியில் சிவப்பாக ஒரு துணுக்கும் ஒட்டியிருந்தது. குழாயின் உள் ரப்பர் பிய்ந்து வருகிறது போல.

பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கே பத்துப் பேர் முன்னால் நான் பேசிய பேச்சை இங்கே எழுதவில்லை. மேனேஜர் நிதானமாக ஒரு கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். சுத்தமாக இருந்தது. இரண்டாவது பம்பில் பிடித்தார். அதுவும் சுத்தம். "அண்ணாச்சி, தண்ணி ஒங்க வீட்லதான் இருக்கு," என்றார். நான் அங்கேயே மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பிரகாசி ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னாள்: "தொபியாசைக் கூப்பிடலாம்லா."

தொபியாஸ் பெரிய மெக்கானிக். அக்கம்பக்கத்து ஏழு ஊர் மோட்டார் அவன் பட்டறைக்குத்தான் போகும். அதனால் என்ன? இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுக்கரையில் நான் மோட்டார் கயிற்றை அரைமணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தேன். இவன் பக்கத்தில் நின்று ஒரு வாழைப்பழம் முழுவதையும் தின்றுவிட்டு, கீழே கிடந்த சிவப்பு கிளிப்பை எடுத்து மோட்டாரில் மாட்டி, "இனிமே இழுங்க அத்தான்," என்றான். அந்தக் கிளிப் இல்லாமல் மோட்டார் ஓடாது என்பது எனக்கும் தெரியும். கரை முழுக்கச் சிரித்தது. அன்றோடு பேச்சு முடிந்தது.

கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கத்திச் சொன்னேன். பிறகு வந்து இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8, சனி

டேங்கைக் காலிசெய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினேன். கொல்லையில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மோட்டாரை மாட்டி ஓடவிட்டேன். இருபது நிமிஷம். ஒரு தும்மல் இல்லை. சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஞானப்பூ அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். "மாதா மோட்டாரா?" என்று தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிரகாசி காப்பி போட்டாள். நான் குளிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கடல் கிடையாது. எங்கள் தெருக் குடும்பங்களின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வந்து கொல்லையில் மோட்டாரைச் சுற்றி உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணியும் உருட்டிச் செபமாலை சொன்னார்கள். ஆளுக்கொரு பாட்டில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. நல்ல ஊர், நல்ல ஜனங்கள்.

ஆகஸ்ட் 10, திங்கள்

இதுவரைக்கும் தூண்டில் வளைவைத் தாண்டித்தான் நிற்கும். இன்று அதுவரைக்கும்கூடப் போகவில்லை.

டேங்கின் அடியில் நான்கு விரற்கடை தண்ணீர். இனிமேல் சந்தேகமே இல்லை, இது சதி. யார் செய்வது? மாதா என் படகில் ஏறாவிட்டால் யாருக்கு லாபமோ அவன். மிக்கேல் ராயன் அன்று சிரிக்காமல் இழுத்து வந்ததன் அர்த்தம் இப்போது விளங்குகிறது.

சாயங்காலம் ஊர்க் கமிட்டித் தலைவர் வந்தார். வியாழக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் வெள்ளைப்பாறை வரை போய் வந்து காட்ட வேண்டுமாம். நின்றால் ராயன் படகு. "தப்பா நினைக்காதீய கஸ்பார். மாதா காரியம்," என்றார். அவர் போனபின் பிரகாசி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். ஒரு ஆண்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

ஆகஸ்ட் 11, செவ்வாய்

டேங்கை மறுபடி கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றி, காலை ஆறு மணியிலிருந்து கொல்லையில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். ராயன் வீட்டு ஆள் ஒருவன் வந்தாலும் விடுவதாக இல்லை. யாரும் வரவில்லை. அன்பியத்துப் பெண்கள் மட்டும் இரண்டிரண்டு பேராகச் செபம் சொல்ல வந்தார்கள். பெண்கள் முழங்காலில் நிற்கும் இடத்தில் ஆண்பிள்ளை கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அழகில்லை என்று ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்விட்டேன். மற்றபடி ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

காவலின்போது சும்மா இருக்காமல் பழைய பேப்பரை விரித்துக் கார்புரேட்டரையும் பெட்ரோல் பம்பையும் பிரித்துத் துடைத்தேன். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு திருகும் மீந்தன. கம்பெனிக்காரர்கள் தேவைக்கு மேல் வைத்திருப்பார்கள்.

சாயங்காலம் பார்த்தால் டேங்கில் தண்ணீர். என் கண் முன்னால், பட்டப்பகலில், யாரும் வராமல் தண்ணீர் வந்திருக்கிறது. பேய் வேலையோ என்றுகூட நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் லாசர் அண்ணன் வந்து நின்று, "தம்பி, ஒரு நிமிசம், அந்த விசயம்," என்றார். இந்த மனுஷன் நிழல் பட்டதிலிருந்துதான் எல்லாம். தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 12, புதன்

காலையில் கொல்லைக்குப் போனால் தொபியாஸ் உட்கார்ந்திருக்கிறான். பிரகாசி சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. நாளைக்குச் சோதனை, ஸ்பிரிங்கும் திருகும் இன்னும் பேப்பரில் கிடக்கின்றன.

அவன் ஒன்றும் கேட்காமல் மீந்துபோன ஸ்பிரிங்கை எடுத்து அதன் இடத்தில் மாட்டினான். இரண்டு திருகையும் மாட்டினான். வாழைப்பழக் கதையை எடுப்பான் என்று நான் காத்திருந்தேன். எடுக்கவில்லை. டேங்கின் அடித்தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.

"அத்தான், உப்பு இல்ல. இது கடத்தண்ணி இல்ல. மழையும் பெய்யல."

"தெரியும்," என்றேன். தெரியாது.

வடிகட்டியில் ஒட்டியிருந்ததைக் கிள்ளி எடுத்தான். "இது என்னது அத்தான்?"

"கொழா உள்ள ரப்பர் பிஞ்சு வருது. நாலஞ்சு நாளா பாக்கேன்."

"ரப்பருக்கு நரம்பு இருக்குமா அத்தான்?"

உள்ளங்கையில் வைத்து விரித்தான். ரோஜா இதழ். எங்கள் ஊரில் தண்ணீரும் ரோஜா இதழும் சேர்ந்து இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. மாதா பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் தீர்த்தத் தொட்டி. இருவரும் அடுப்படிப் பக்கம் திரும்பினோம். அங்கே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"நான் ஒரு மூடிதான் ஊத்துனேன்," என்று பிரகாசி வெளியே வந்தாள். "மொத நாளு ஒரு மூடி. நின்னுபோச்சுன்னு வந்து சொன்னியளா, அதுக்கப்புறம் ரெண்டு மூடி."

"ஞானப்பூ அக்கா?" என்றான் தொபியாஸ்.

"அவுக அரை டம்ளர்."

"மொத்தம் எத்தன பேருக்கா?"

"அன்பியத்துல இருவத்தாறு குடும்பம். ரெண்டு பேரு ஊர்ல இல்ல."

"இன்ஜினுக்குத் தண்ணி ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தண்ணி ஆவாதுன்னு தெரியும்," என்றாள். "இது தீர்த்தம்லா."

பெட்ரோல் பங்கில் பத்துப் பேர் முன்னால் கத்தியது நினைவுக்கு வந்தது. ராயனைப் பற்றி எழுதிய பக்கம் நினைவுக்கு வந்தது. பேய் நினைவுக்கு வந்தது.

எல்லோரையும் கூப்பிட்டு இனிமேல் ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்றேன். பிரகாசி பதறிவிட்டாள். மாதா தீர்த்தமே வேண்டாம் என்று கஸ்பார் சொல்லிவிட்டான் என்று பூசைக்கு மணி அடிப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்றாள். அவள் சொல்வது சரி. அப்புறம் மோட்டார் ஓடினால் என்ன, நின்றால் என்ன?

தொபியாஸ் என் டேங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இது பட்டறையில இருக்கட்டும். இதே மாதிரி பழைய டேங்கு ஒண்ணு கெடக்கு, அனுப்பி வைக்கேன். அதக் கொல்லையில வைங்க. ஊத்துதவுக ஊத்தட்டும்," என்றான்.

போகும்போது வாசலில் நின்று, "வாரேன் அத்தான்," என்றான். நான் "ம்" என்றேன். இரண்டு வருஷத்துக்கு அது போதும்.

ஆகஸ்ட் 13, வியாழன்

வெள்ளைப்பாறை வரை போய்த் திரும்பினோம். ஒரு தும்மல் இல்லை. கமிட்டித் தலைவர் கை கொடுத்தார். மிக்கேல் ராயன் வந்து, "சந்தோசம் அண்ணே," என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்ட முகம். திங்கட்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஞானப்பூ அக்கா பிரகாசியிடம், "பாத்தியா, நேத்து நான் ஒரு டம்ளரு முழுசா ஊத்துனேன்," என்றார்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பழைய டேங்க் நிரம்பி வழிகிறது. தீர்த்தத்தைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாது என்று பிரகாசி மல்லிகைக் கொடிக்கு ஊற்றினாள். கொடி வாடினால், அந்தப் பழைய டேங்கில் கொஞ்சமாவது பெட்ரோல் ஒட்டியிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நாளைக்கு ஒரு சொட்டுகூட நல்ல டேங்குக்குள் போகக் கூடாது. அதில் நான் கண்ணும் கருத்துமாக இருக்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 15, சனி

பவனி மிக நல்லபடியாக நடந்தது.

விவரமாக எழுதுகிறேன். நாலரை மணிக்கு மாதாவைப் படகில் ஏற்றினோம். நான் மோட்டாரில். தொபியாஸ் என் பக்கத்தில். பிரகாசிதான் அவனை ஏறச் சொன்னாள், நான் தடுக்கவில்லை. சேசையா முன்னால் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபாதர் வாளியோடும் தெளிப்பானோடும் வந்து படகை ஒரு சுற்று மந்திரித்தார். பிறகு, "மோட்டாருக்கும் நல்லாத் தெளிச்சிடுவோம் கஸ்பார்," என்று பின்பக்கம் வந்தார். கை தாராளமான சாமியார். நான் சட்டென்று டேங்க் மேல் குனிந்து மறைத்துக்கொண்டேன். முதுகு முழுக்க நனைந்தது. வெடி போட்டார்கள், பாட்டு ஆரம்பித்தது, நாற்பத்திரண்டு படகும் ஒரே நேரத்தில் கிளம்பின. பிரகாசி கரையிலிருந்து கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

தூண்டில் வளைவின் முனை வரைக்கும் எல்லாம் சரி. முனைக்கு நேராக மோட்டார் ஒருமுறை தும்மியது. இரண்டாவது முறை தும்மி நின்றது.

பாட்டு ஒவ்வொரு படகாக அடங்கியது. மாதாவின் முதுகு மட்டும் தெரிந்தது. நின்னுபோன கஸ்பார் என்று ரேஷன் கடையில் கூப்பிடும் குரல் அப்போதே கேட்டது. கரையில் ஒரு சின்னப் புள்ளியாகப் பிரகாசியின் நீலச் சேலை தெரிந்தது. என் உயிர் போயிருந்தாலும் எனக்குப் பரவாயில்லை.

தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். லாசர் அண்ணன். ஒன்பது வருஷமாகத் திருவிழாவில் தலைகாட்டாதவர். வலது கையை மேலே தூக்கி, விரல்களைச் சேர்த்து, இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காட்டினார். மாதாவுக்கு ஏதோ ஆராதனை செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்துப் படகில் ஒரு கிழவி, "மாதா லாசரப் பாக்க நின்னுட்டா," என்று கத்தினாள். அதற்கப்புறம் எல்லாப் படகிலும் அழுகை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் முழங்காலில் விழுந்துவிட்டார்.

தொபியாஸ் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்திருக்கிறான். பிறகு குழாயைப் பார்த்தான். ரப்பர் பல்பு சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தது. எழுந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, எனக்கும் டேங்குக்கும் நடுவில் மறைப்பாக உட்கார்ந்தான். "எல்லாரும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவோம்," என்று சத்தமாகச் சொன்னான். செபச் சத்தத்துக்கு நடுவில் டேங்க் மூடியில் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் எங்கள் இருவருக்கு மட்டும் கேட்டது.

ஃபாதர் தெளிக்கும்போது தீர்த்தம் உள்ளே போகாமல் இருக்க யாரோ காற்றுத் திருகை இறுக்கியிருக்கிறார்கள். பிறகு தளர்த்த மறந்திருக்கிறார்கள். யார் என்பது இங்கே முக்கியமில்லை. டேங்க் மேல் குனிந்திருந்தது நான் மட்டும்தான் என்பதும் முக்கியமில்லை.

தொபியாஸ் பல்பை நாலு தடவை அமுக்கிவிட்டு, கயிற்றை என் கையில் கொடுத்தான். அவனே இழுத்திருக்கலாம். "இனிமே இழுங்க அத்தான்," என்றான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. ஒரே இழுப்பு. ஊர் முழுக்க ஆர்ப்பரித்தது. கடைசிக் கல்லில் லாசர் அண்ணன் அழுதுகொண்டிருந்தார்.

கரை சேர்ந்ததும் பிரகாசி அவள் தம்பியின் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் லாசர் அண்ணனைத் தேடிப் போய்விட்டார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பூசை முடிந்து தொபியாஸ் வீட்டுக்கு வந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். அவன் சிரிக்காமல் வாங்கித் தின்றான். நான் எவ்வளவு நல்லவன் என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

பத்து மணிக்கு லாசர் அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. வழியில் பதினைந்து பேர் நிறுத்திக் கையைத் தொட்டுக் கும்பிட்டார்களாம். ரேஷன் கடைக்காரர் எழுந்து நின்றாராம். பிரகாசி காப்பியை வைத்துவிட்டு உள்ளே போகும்வரை பேசாமல் இருந்தார். பிறகு குனிந்து, "திருகா தம்பி?" என்றார்.

நான் காப்பியை ஆற்றினேன். தொபியாஸ் கூரையைப் பார்த்தான்.

"எனக்கும் அதான்," என்றார். "அன்னைக்கு இருந்த சாமியாரு வாளியோட வந்தாரு. பெட்ரோல்ல தண்ணி விழுந்திரக் கூடாதேன்னு இறுக்குனேன். பெறவு வெடி, பாட்டு, கூட்டம். தொறக்க மறந்துபோச்சு. ஒன்கிட்ட அதச் சொல்லத்தான் ரெண்டு தடவ வந்தேன். நீ ஓடிட்ட. சரி, தூண்டில் வளைவுல நின்னு கையக் காட்டியாவது வைப்போம்னு வந்தேன்."

"ஒம்போது வருசமா ஊருக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றேன்.

"என்னன்னு சொல்ல? தீர்த்தத்துக்குப் பயந்து மூடிட்டேன்னா? அதுக்கு நின்னுபோன லாசரே தேவலம்னு இருந்துட்டேன்." காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "நேத்து வீட்டுக்குப் போனதும் பொண்டாட்டி கேட்டா, இந்த வருசம் எதுக்கு அழுதியன்னு. திருகத் தொறந்துட்டான்னு சொல்ல முடியுமா?"

தொபியாஸ்தான் முதலில் சிரித்தான். அப்புறம் அவர். அப்புறம் நான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். இரண்டு வருஷம் இவனோடு பேசாமல் இருந்தேனே என்று இருந்தது. அதை நான் சொல்லவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போ என்று சொன்னேன். லாசர் அண்ணனையும் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கமிட்டித் தலைவர் வந்தார். கூட்டம் போட்டு முடிவு செய்துவிட்டார்களாம். இனிமேல் ஒவ்வொரு வருஷமும் மாதா படகு தூண்டில் வளைவு முனையில் இரண்டு நிமிஷம் கட்டாயம் நிற்க வேண்டும். அதற்கு லாசர் நிறுத்தம் என்று பெயர். மோட்டாரைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, சரியாக இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஓடவைப்பது எப்படி என்று அடுத்த வருஷப் படகுக்காரருக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அனுபவப்பட்டவன் என்பதால்.

நான் யோசித்து, "செய்யலாம்," என்றேன். எங்கள் மூன்று பேரில் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.